ஹைட்ரஜன் பேருந்து: போக்குவரத்துத் துறைக்குக் குமரியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறைப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஒன்றிய அரசு 2023இல் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் (காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவற்றால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அப்போதிருந்து, "முப்பந்தலில் இவ்வளவு காற்றாலை இருக்கே, குமரி மாவட்டத்தில் ஹைட்ரஜன் பேருந்து விட்டால் என்ன?" என்ற பேச்சு எங்கள் பக்கம் அவ்வப்போது எழுகிறது. அப்படி ஒரு யோசனை உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் கணக்குப் பாருங்கள்.

ஹைட்ரஜன் எங்களுக்குப் புதிதல்ல. பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ அதைத் திரவமாக்கி ராக்கெட் எஞ்சினில் எரித்துப் பார்க்கிறது. 2013இல் டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் பேருந்தையும் அங்கேதான் ஓட்டிக் காட்டினார்கள். ஆக, ஓடுமா என்ற கேள்வி அன்றே முடிந்துவிட்டது. கட்டுப்படியாகுமா என்பதுதான் பாக்கி.

தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். பெரிய பேருந்து 100 கிலோமீட்டர் ஓட சுமார் 8 கிலோ பிடிக்கும். 400 யூனிட்டுக்கு மேல் போய்விட்டது. அழுத்தி நிரப்பும் செலவு தனி. அதே தூரத்தை மின்சாரப் பேருந்து ஏறக்குறைய 130 யூனிட்டில் முடித்துவிடும். ஒரே காற்றாலை மின்சாரம், மூன்று மடங்கு செலவு. பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பேருந்து வாங்க இருந்து, மின்சாரப் பேருந்தைவிட ஓட்டும் செலவு ஆறு மடங்கு என்று தெரிந்ததும் 2022இல் கைவிட்டது.

சரி, ஆனி, ஆடிக் காற்றில் மின்கட்டமைப்பு எடுத்துக்கொள்ள முடியாமல் வீணாகும் மின்சாரத்தை ஹைட்ரஜன் ஆக்கலாமே? நல்ல கேள்விதான், நானும் இதில்தான் ரொம்ப நேரம் நின்றேன். ஆனால் முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுப் பருவம் ஐந்தாறு மாதம்தான். கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் போட்ட ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரம் மீதி மாதங்களில் சும்மா கிடந்தால் அந்த வட்டியும் பயணச்சீட்டில்தான் வந்து விழும். தை மாதமும் பேருந்து ஓட வேண்டுமே!

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 70 கூட இல்லை. இரவில் பணிமனையில் சார்ஜ் ஏற்றி, பகலில் இடையில் கொஞ்சம் ஏற்றினால் போதும். சென்னைக்குப் போகும் 700 கிலோமீட்டர் வண்டிக்கு வேண்டுமானால் ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்கும் வழி நெடுக நிரப்பும் நிலையம் வேண்டும்; அதை யார் கட்டுவது?

ஹைட்ரஜனை வீண் என்று சொல்லவில்லை. உர ஆலைகளில் அமோனியா செய்ய அது இல்லாமல் முடியாது. இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். நம் காற்றில் பிறக்கும் ஹைட்ரஜன் முதலில் தூத்துக்குடி உர ஆலைக்குப் போகட்டும்.

எங்களுக்கு ராணித்தோட்டம் பணிமனையில் சார்ஜர்களும் நகரப் பேருந்துகளுக்கு பேட்டரி வண்டிகளும் கொடுங்கள். அதையும் மீறி ஹைட்ரஜன்தான் என்றால், மின்சாரம், நிரப்பும் நிலையம், வட்டி எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கை டெண்டருக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் பேருந்துப் பயணி ஒருவன்