தாவரத்தில் பிறந்ததெல்லாம் மக்கிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் வந்த தாவரப் பிளாஸ்டிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆமணக்கு, மரவள்ளி, கரும்பு என எங்கள் பக்கத்துப் பயிர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. ஆனால், 'தாவரத்திலிருந்து வருவதால் இவை மண்ணோடு மண்ணாகிவிடும்' என்ற வரி தவறு. முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆமணக்கையே எடுத்துக்கொள்வோம். இங்கே கொட்டமுத்து என்போம். மஞ்சள் காட்டின் ஓரத்தில் நட்டிருப்பார்கள்; முள் முள்ளான காய்கள் களத்து வெயிலில் படபடவென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அந்த விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். எண்ணெயிலோ 85 விழுக்காட்டுக்கும் மேல் ரிசினோலிக் அமிலம். 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி அது. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து, பிறகு கடும் வெப்பத்தில் உடைத்தால் 7 கார்பன் ஒரு துண்டாகவும் 11 கார்பன் இன்னொரு துண்டாகவும் பிரியும். சிறிய துண்டு வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போகிறது. பெரிய துண்டிலிருந்து நைலான் 11 பிறக்கிறது. பிரான்சில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இதைத் தயாரித்து வருகிறார்கள். கச்சா எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாத சங்கிலி அது.

இந்த நைலான் எதற்குப் பயன்படுகிறது தெரியுமா? லாரிகளின் ஏர் பிரேக் குழாய்க்கும், எரிபொருள் குழாய்க்கும். எண்ணெய், வெப்பம், உரசல் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது என்பதுதான் அதன் பெருமையே. மலைப்பாதையில் இறங்கும் லாரியின் பிரேக் குழாய் மக்கத் தொடங்கினால் என்ன ஆகும்?

பிரேசிலில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிஎத்திலீன், அதாவது சாதாரணப் பைகள் செய்யும் பிளாஸ்டிக், செய்கிறார்கள். சாராயத்தின் மூலக்கூறிலிருந்தே நீரைப் பிரித்தால் எத்திலீன் வாயு. எத்திலீனைக் கோத்தால் பாலிஎத்திலீன். கச்சா எண்ணெயில் செய்த பாலிஎத்திலீனும் இதுவும் ஒரே மூலக்கூறு. மண்ணிலுள்ள நுண்ணுயிர் இரண்டையும் ஒன்றுபோலத்தான் தீண்டாமல் விடும். மறுபக்கம், பிபிஏடி என்ற பாலிமர் (சிறு மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலியைத்தான் பாலிமர் என்போம்) பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆனாலும் குப்பையை உரமாக்கும் பெரிய உரக்கூடத்தில் மக்கிவிடுகிறது. எதில் செய்தது என்பது ஒரு கேள்வி, எப்படி முடியும் என்பது வேறு கேள்வி.

பள்ளியில் இருந்தபோது, மரவள்ளி மாவைத் தண்ணீர், வினிகர், கொஞ்சம் கிளிசரினோடு காய்ச்சித் தட்டில் ஊற்றி, பிள்ளைகளைக் கொண்டு ஏடு செய்ய வைப்பேன். கூழ்வற்றல் பக்குவம்தான். இரண்டு நாள் காய்ந்தால் கண்ணாடிபோல உரிந்து வரும். ஈரமண்ணில் புதைத்தால் சில நாளில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதில் தக்காளி வாங்கி வர முடியாது, ஈரம் பட்டதுமே கொழகொழத்துவிடும். அதனால்தான் பை செய்பவர்கள் மாவோடு வேறு பாலிமரைக் கலக்கிறார்கள். அந்தக் கலவையில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்ற தை மாதம் ஒரு கடையில் பச்சை இலை படம் போட்ட பை கொடுத்தார்கள். '100% மக்கும்' என்று எழுதியிருந்தது. சான்றிதழ் எண் எதுவும் இல்லை. வீட்டு எருக்குழியில் சாணத்துக்கு அடியில் போட்டு வைத்தேன். ஆடியில் எரு அள்ளும்போது மண்வெட்டியில் மாட்டிக்கொண்டு முழுசாக வந்தது. சாணமும் சருகும் கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருந்தன. பையில் இலையின் நரம்புகூட அழியவில்லை.

முறையாகச் சான்று பெற்ற பையாக இருந்தாலும், சான்றுக்கான சோதனை நடப்பது உரக்கூடத்தில் இருப்பதுபோன்ற ஏறக்குறைய 58 டிகிரி வெப்பத்தில். 180 நாட்களுக்குள் அதன் கார்பனில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது விதி. வீட்டுக் குழியிலோ சாக்கடையிலோ அந்த வெப்பம் அத்தனை நாள் நிற்காது. மக்கும் என்ற சொல்லை நம்பி வாய்க்காலில் எறிபவர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

தாவரப் பாலிமருக்கு நான் எதிரி அல்ல. சென்ற பருவத்தில் செடி காற்றிலிருந்து எடுத்த கார்பனைப் பொருளாக்குவது, பூமிக்கடியில் கிடக்கும் கார்பனைத் தோண்டி எடுப்பதைவிட எவ்வளவோ மேல். ஆமணக்கு எண்ணெயில் உலகுக்கே பெரும்பங்கு கொடுப்பது இந்தியாதான். நெடுநாள் உழைக்கும் குழாய்க்கும் கருவிக்கும் அந்த நைலான் போகட்டும், உழவருக்கும் நல்ல விலை கிடைக்கட்டும். கடைப் பையில் மட்டும் இரண்டு வரி தமிழில் கட்டாயம் அச்சிடச் சொல்ல வேண்டும்: எதிலிருந்து செய்தது, பயன்படுத்திய பின் எங்கே சேர்க்க வேண்டும்.

அடுத்த இணைப்பில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குழியிலிருந்து எடுத்த பையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். தங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.