பெர்லினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். "முதலாளித்துவ நாட்டுக்குப் போய்விட்டாயே, சுதந்திரம் கிடைத்ததா?" என்று கேட்டிருந்தீர்கள். நேற்று பெர்னவர் தெருவுக்குப் போனபோதும் அதே ஞாபகம்தான். கம்யூனிஸ்ட் கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் நின்ற இடத்தில் துருவேறிய இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஒரு பொடியன் அவற்றுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தான். 1961-ல் இந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகள் கிழக்கு, வாசல் நடைபாதை மேற்கு. ஆகஸ்டில் கிழக்கு அரசு வாசலை அடைத்ததும், இடா சீக்மன் என்ற 58 வயது அம்மாள் படுக்கைத் துணிகளை ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் பின்னாலேயே குதித்தார். பிழைக்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியில் குறைந்த வாடகை, எல்லோருக்கும் வேலை என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை அப்பா. ஆனால் 'வேண்டாம்' என்று எழுந்து போக விடாதவன் கையால் எது வாங்கினாலும் அது தர்மமாகுமா? 1953 ஜூனில் கிழக்கு பெர்லினில் ஸ்டாலின் பெயர் வைத்த சாலையில் வேலை செய்த கட்டடத் தொழிலாளிகள், வேலை அளவை 10 சதவீதம் கூட்டியதற்காக வேலையை நிறுத்தினார்கள். மறுநாளே சோவியத் டாங்கிகள் வந்தன. முப்பது வருஷம் சங்கத்தில் இருந்தவர் நீங்கள். அந்தக் கொத்தனார் பக்கமா, டாங்கி பக்கமா? (இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றியிருப்பீர்கள்.)

உடனே மகன் கட்சி மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது எனக்கு வயிறெரிந்தது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு என்று வரிசையாகப் பிடித்தம். யாரைக் கேட்டுப் பிடிக்கிறார்கள்? இதில் மருத்துவக் காப்பீட்டை 1883-ல் கொண்டுவந்தவர் அன்றைய ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்; சோஷலிஸ்டுகளின் கூட்டங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தடை போட்ட அதே ஆள். தொழிலாளி அந்தப் பக்கம் சாயாமலிருக்கப் போட்ட தூண்டில். தூண்டிலோ என்னவோ, இன்னும் சோறு போடுகிறது.

போன மாதம் சனிக்கிழமையும் வரச் சொன்ன மேனேஜரிடம் 'முடியாது' என்றேன். குரல் நடுங்கவில்லை. வேலை போனால் மறுநாளே ஆஸ்பத்திரிக் கதவு மூடிவிடாது என்று தெரியும். என்னைக் கேட்காமல் பிடித்த பணம்தான் அந்த 'முடியாது'வை வாங்கித் தந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் மட்டும் இந்தத் தைரியம் வருவதில்லை. 2021-ல் இங்கே ஒரு வாக்கெடுப்பு: பெரிய நிறுவனங்கள் கையிலிருக்கும் வீடுகளைப் பொதுவுடைமையாக்கலாமா? வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் 'ஆம்' என்றார்கள். சுவர் நின்ற அதே ஊரில்! எனக்கு இங்கே ஓட்டு இல்லை. இருந்தால் எதில் குத்தியிருப்பேன் என்று இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் எதில் குத்துவீர்கள் என்பது தெரியும். காரணத்தை மட்டும் எழுதுங்கள், அந்த ஜன்னலையும் கணக்கில் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் மகன்