சீஆர் கொப்பியில் நாலு விலை

கல்லடி, மட்டக்களப்பு
12.10.2025

அன்பு மச்சான் சந்திரனுக்கு,

சித்திரை வருடப் பிறப்புக்கு நீ எழுதியதற்குப் புரட்டாசி முடியும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். ஏச்சை இதை வாசித்து முடித்த பிறகு வைத்துக்கொள், அதற்குள் வேறு காரணமும் கிடைத்துவிடும். இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூட, பிரஷர் கொஞ்சம் குறைவு. சராசரி பார்த்தால் நான் நல்ல ஆரோக்கியமான மனிதன். பேரின்பம் இன்னும் அந்தக் குடையைத் திருப்பித் தரவில்லை. மச்சாளின் முழங்கால் எப்படி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சியின் மூத்தவன் தீபன் ஜீப் வாங்கப் போகிறான். நம் காலத்தில் ஜீப் என்றால் தகரமும் கன்வஸும். இப்போது கொஞ்சம் உயரமாக, விலையைக் கேட்டால் மூச்சு நிற்கிற மாதிரி எது வந்தாலும் ஊரில் ஜீப்தான். இவன் பார்த்தது ஜப்பான் ஹைபிரிட், 2500 சீசீ, உள்ளே முழுக்கத் தோல். ரோட்டுக் கொந்தராத்து எடுக்கிறவன் வான் வண்டியில் போய் இறங்கினால் எஞ்சினியர்மார் மதிக்கிறார்கள் இல்லையாம். ஆவணி மாதம் ஒருநாள் வந்து, "மாமா, நீங்கள் வங்கியில் 31 வருடம் இருந்தவர், உங்களுக்குத்தான் கணக்குத் தெரியும், விலையை ஒருக்கா ஒப்பிட்டுத் தாருங்கள்" என்றான். இந்த ஒரு வசனம் போதாதா எனக்கு? பென்ஷன் எடுத்த பிறகு யாராவது என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று பின்னேரமே போய்த் தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். நீ இப்போது சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

இங்கே நடப்பதை முதலில் விளங்கிக்கொள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குத் திரும்பவும் கதவைத் திறந்தது இந்த வருடம் பெப்ரவரி 1. ஐந்து வருடம் கட்டி வைத்த குளத்து வான்கதவைத் திறந்தால் எப்படியிருக்கும், அப்படிச் சனம் பாய்ந்தது. ஆனால் நிறுத்தும்போது டொலர் 180 சொச்சம், திறக்கும்போது 300க்குக் கிட்ட. அதற்கு மேல் வரி. சுங்கத் தீர்வை 20 வீதம், அந்தத் தீர்வையில் இன்னொரு பாதி மேலதிகக் கட்டணம், எஞ்சினின் சீசீயைப் பார்த்து உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீதம் வாட். சொகுசு வரி என்று ஒன்று தனியாக: ஹைபிரிட் என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலை 55 இலட்சத்தைத் தாண்டுகிற பகுதிக்கு 80 வீதம். 90 இலட்சத்துக்கு வந்து இறங்கும் ஜீப்புக்குச் சொகுசு வரி மட்டும் 28 இலட்சம். 90 இலட்சத்துச் சாமான் கடை வாசலில் நாலு கோடி ஆவது இப்படித்தான். நீ டொரன்டோவில் பேரம் பேசி உன் ஜீப்பை ஒரு இலட்சம் டொலருக்குக் கீழே இறக்கிச் சொகுசு வரியிலிருந்து தப்பின கதையை இரண்டு கடிதத்தில் எழுதினாயே, அந்த வித்தை இங்கே பலிக்காது. இங்கே விற்கிறவனின் கையில் இருப்பது மிச்சம் மீதி. அதற்குள்தான் அவன் தள்ளுபடி தர வேண்டும்.

தள்ளுபடி என்று சொன்னேன் அல்லவா. நானும் தீபனும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். முதல் கடையில் 4 கோடி 10 இலட்சம் என்றார்கள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, முதலாளி வந்தார். நாங்கள் மட்டக்களப்பு என்றதும் பாசிக்குடாவில் தங்கியதைச் சொல்லி உருகிவிட்டு, "ஐயாவுக்காக" 12 இலட்சம் குறைத்தார். தீபன் என் காலை மேசைக்குக் கீழே மிதிக்கிறான், ஓம் சொல்லச் சொல்லி. நான் கொப்பியைத் திறந்து, லீசிங்கை எங்கள் வங்கியில் செய்யலாமா என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. அந்த விலை அவர்கள் காட்டுகிற பினான்ஸில் எடுத்தால் மட்டும்தானாம். அங்கே வட்டி பதினாலரை, எங்கள் வங்கியில் 13. ஒன்றரை வீதம்தானே என்று தோன்றும். 2 கோடி 40 இலட்சத்துக்கு ஐந்து வருடம் கட்டினால் மாதம் 18 ஆயிரத்து 600 ரூபாய் கூட. 60 மாதத்தால் பெருக்கிப் பார், 11 இலட்சத்து 16 ஆயிரம். ஐயாவுக்காகக் குறைத்த 12 இலட்சத்தில் ஐயாவுக்கு மிஞ்சுவது 84 ஆயிரம், அதுவும் பதிவுச் செலவுக்குக் காணாது. மச்சான், அந்தக் கணக்கை அந்த மேசையிலேயே போட்டுக் காட்டினபோது எனக்கு வந்த சந்தோசம்! முகாமையாளர் கதிரையில்கூட நான் அப்படி நிமிர்ந்து இருந்ததில்லை.

இரண்டாவது, கம்பெனியின் நேரடி முகவர். அங்கே ஒரு சதம் குறையாது. 4 கோடி 22 இலட்சம், அச்சடித்த தாள், கீழே சின்ன எழுத்தில் "நாணய மாற்று வீதத்துக்கு அமைய மாறலாம்". உத்தரவாதம் உண்டு, சர்விஸ் உண்டு. தள்ளுபடி கேட்டால் கால்மிதி தருகிறோம் என்றாள் அந்தப் பிள்ளை. நாலு கோடிக்கு நாலு கால்மிதி.

மூன்றாவது குருநாகல். 3 கோடி 85. தீபனின் கண் அங்கேதான் நின்றது. புத்தம் புதிது, ஓடாதது என்றார்கள், மீற்றரும் அப்படித்தான் காட்டியது. நான் ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழைக் கேட்டேன். இந்த ஒரு தாளை யாரும் கேட்பதில்லை, மச்சான், அதில்தான் அங்கே முதல் பதிவு செய்த மாதமும் வருடமும் இருக்கும். பார்த்தால் பதிவு செய்து ஒரு வருடத்துக்கு மேல். வண்டி ஜப்பானில் ஏலம் போனபோது தரம் எழுதிய ஏலத் தாளின் போட்டோப் பிரதியும் காட்டினார்கள், தரப் புள்ளி இருக்கிற மூலை மட்டும் பிரதியில் விழவில்லை. போட்டோக் கொப்பி மெஷினின் பிழையாம்.

அங்கே வண்டியை இயக்கிக் காட்டும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பான் மொழியில் என்னவோ சொன்னாள். "வணக்கம் சொல்கிறாள், சேர்" என்றான் கடைப் பொடியன். தீபன் அப்படியே உருகிப்போனான், வீட்டில் வந்து அம்மாவுக்கு நடித்தும் காட்டினான். பிறகு ஜப்பான் வண்டி தெரிந்த நம் நசீரிடம் கேட்டால் அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அங்கே விரைவுப் பாதைக் கட்டணத்துக்கு ஒரு அட்டை போட வேண்டுமாம். அதைப் போடவில்லை என்றுதான் அவள் ஒவ்வொரு முறையும் சொல்கிறாளாம். காசு கட்ட ஆயத்தமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்ட ஒரே ஆள் அவள்தான்.

நாலாவது, அந்த நசீரின் மச்சினன், காத்தான்குடியில். கடை கிடை இல்லை, சொன்னால் இறக்கித் தருவார். அவர் தந்த தாளை உனக்குப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். யென்னில் விலை, கப்பல் கூலி, ஒவ்வொரு வரியும் தனித்தனி, துறைமுகச் செலவு, கடைசி வரியில் "என் இலாபம் 8 இலட்சம்". என் வங்கிக் காலம் முழுக்கத் தன் இலாபத்தை இப்படித் தானே எழுதிக் கொண்டுவந்த வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. மொத்தம் 3 கோடி 93. கப்பல் வரும் வரை பொறுக்க வேண்டும், இடையில் யென் ஏறினால் நம் தலையில். ஆனாலும் இதுதான் என்று கொப்பியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். தீபன் 5 இலட்சம் முற்பணமும் கொடுத்துவிட்டான்.

இதுவரை எழுதியது பெருமைக்கு. இனி எழுதப் போவதைத்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

வியாழக்கிழமை காலை தீபன் வந்தான். கையில் ஒரு பழைய கவர். "மாமா, வருகிற வெள்ளி நொத்தாரிசிடம் போகிறோம், நீங்கள் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்" என்றான். கவரைத் திறந்தேன். கொக்கட்டிச்சோலை வயலின் உறுதிப் பத்திரம். எட்டு ஏக்கர். 75 இலட்சத்துக்கு ஈடு.

உனக்கு அந்த வயல் தெரியும். மண்முனைப் பாதையில், அந்த மிதவைப் படகில், உன் ரலி சைக்கிளை ஏற்றிக்கொண்டு அறுவடைக்குப் போவோம், என் அம்மா தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவா. இப்போது பாதை இல்லை, 2014இல் ஜப்பான் உதவியில் பாலம் போட்டாயிற்று, பத்து நிமிடம். அந்த வயல் அம்மம்மாவின் சீதனம், பிறகு அம்மாவின் சீதனம், பிறகு தங்கச்சியின் சீதனம். நம் ஊர் வழக்கத்தில் அடுத்தது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சியின் மகள் நிஷா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சி "மகன் கேட்கிறான், என்ன செய்ய அண்ணா" என்று நிலத்தைப் பார்க்கிறாள்.

அன்று இரவு கொப்பியை எடுத்துப் புரட்டினேன். மத்திய வங்கி ஜூலையில் போட்ட வரம்பின்படி ஜீப்புக்கு 60 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது. அதை நானே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில், விலையை உத்தேசமாக 4 கோடி என்று வைத்து, என் கையெழுத்தில், "மீதி 1 கோடி 60 – தீபன்". அவ்வளவுதான். தீபன் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். 31 வருடம் கடன் கேட்டு வந்த ஒவ்வொருவரையும் கதிரையில் இருக்கச் சொல்லி நான் கேட்ட முதல் கேள்வி என்ன? நீயே நக்கலடிப்பாயே, நான் பொண்ணு பார்க்கப் போனாலும் அதைத்தான் கேட்பேன் என்று. "முற்பணம் எங்கிருந்து?" இவனிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொழும்புப் பயணம் இல்லை, பிஸ்கட் இல்லை, சிவப்புப் பேனா இல்லை. அதனால்தான் கேட்கவில்லையோ என்று யோசிக்கிறேன்.

வான் விற்ற காசு 60, கையில் 25, வயல் 75. வங்கிக்கு மாதம் 5 இலட்சத்து 46 ஆயிரம், ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 87 இலட்சத்துக்கு மேல். ஈட்டு வட்டி வேறு. கொந்தராத்துக் காசு எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது, போன வருட வேலைக்கே இன்னும் பாக்கி. நான் கொழும்பில் 12 இலட்சத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவனிடம் கேட்டேன். கோபப்பட்டான். "மாமா, விலை பார்க்கத்தானே சொன்னேன்" என்றான். சரியான பேச்சு, பதில் இல்லை. அதற்குப் பிறகு கோல் எடுத்தால் எடுப்பதில்லை. நசீர் மூலம் விசாரித்தேன், இறக்குமதிக்கு வங்கி கொடுக்கிற எல்சீ இன்னும் திறக்கவில்லையாம், திறக்கும் வரை முற்பணத்தைத் திருப்பித் தருவேன் என்கிறார் மச்சினன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது முடிவு. ஆனால் சாட்சி என்ன, தேநீர்க் கடையில் இரண்டு பேரைப் பிடித்தால் முடிந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன் சொல்லை அவன் கேட்பான், சின்ன வயதிலிருந்து கனடா மாமா என்றால் அவனுக்குத் தனி மரியாதை. உனக்கு இரவு எட்டு மணிக்கு எடுத்தால் இங்கே காலை ஐந்தரை, அவன் சைட்டுக்குப் போகுமுன் பிடிக்கலாம். வெள்ளிக்கு முன்னால் எடு. வானை விற்ற காசுக்கு நல்லதாக ஒரு பழைய வண்டி பார்க்கலாம், நானே கூட வருகிறேன் என்று சொல். கொப்பியில் இன்னும் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நிஷாவின் பெயரை மட்டும் நீ எடுக்காதே, அதை நான்தான் சொல்ல வேண்டும். கடவுளுக்காக உன் ஜீப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதே, படமும் அனுப்பாதே.

மழை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் விதைக்கத் தொடங்கிவிட்டார்களாம். நாளைக் காலை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறேன், பஸ்ஸில்.

உன்,
ரவி