நல்லா இருக்கறன் கண்ணு

தருமபுரி,
பங்குனி மாதம்.

அன்புத் தோழி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், அப்புறம் ஆய்வுக் களப்பணி இழுத்துக்கொண்டது. மகளுக்கு வேலை உறுதியானதைப் படித்து மனசு நிறைந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சொட்டு மருந்து விட யாராவது கூட இருக்கிறார்களா? அதை மட்டும் உடனே எழுது.

திருப்பூரில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வு உன் கைக்கு வந்திருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். எங்கள் கேள்வித்தாளை அனுப்பச் சொல்லியிருந்தாய். இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. அந்தத் தாளை நான் இப்போது பாதிதான் நம்புகிறேன்.

பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போய்விட, ஊரில் தனியாக இருக்கும் வயசானவர்களைத்தான் பார்த்துவருகிறோம். பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு ஊர். பெயரை எழுத மாட்டேன், அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம். போன முதல் நாள் எல்லா வீட்டிலும் ஒரே பதில். "எப்படி இருக்கீங்க ஆயா?" "நல்லா இருக்கறன் கண்ணு." சாப்பாடு? "ஆச்சு கண்ணு." உடம்புக்கு? "வயசானா இருக்கறதுதானே." சாயங்காலம் தாள்களை அடுக்கிப் பார்த்தால், இந்த ஊரைவிட நிம்மதியான ஊர் தமிழ்நாட்டிலேயே இல்லை என்று தோன்றும்.

அன்று ராத்திரி பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டும் ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. வகுப்பில் நாம் இரண்டு பேரும் அடிக்கோடிட்டு வைத்ததுதான். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் எடுத்த கணக்கு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்த ஊரில் விதவைகள்தான் திடமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா? முறையிட்டால் கேட்க ஆள் உண்டு என்று தெரிந்தவர்தான் முறையிடுவார். இருபத்திரண்டு வயதில் இது எனக்கு ஒரு பரீட்சைக் கேள்வியாகத்தான் இருந்தது. இப்போது என் தாள்களிலேயே அந்த விதவைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சரியாகச் சொல்ல அவருக்கே தெரியவில்லை. எங்கள் தாளில் ஒரு ஏணிப் படம் இருக்கிறது. 1965-ல் ஹேட்லி காண்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்டது. உச்சிப் படி நீங்கள் நினைத்துப் பார்க்க முடிந்த நல்ல வாழ்க்கை, அடி மிக மோசமானது, இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நாடுகளை மகிழ்ச்சியில் வரிசைப்படுத்துகிறார்களே, அதற்கும் இந்த ஏணிதான். ஆயா படத்தை வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார். "இதுல நான் எங்க கண்ணு ஏறது? முட்டி மடங்கலியே. கீழயே நிக்கறன்."

விதிப்படி பார்த்தால் நான் பூஜ்யம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அந்த முட்டி ஏன் மடங்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கிற தண்ணீரை வருடக்கணக்காகக் குடித்தால் முதலில் பல் பழுப்பேறும், அப்புறம் எலும்பு இறுகும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் வந்தது. அது பேரப்பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றும். ஆயாவின் முட்டி இறுகினது இறுகினதுதான். அடுத்த பக்கத்தில் ஐந்து கேள்விகள். மனநலத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், 25 மதிப்பெண், நாலால் பெருக்கி நூறாக்குவது, உனக்குத் தெரியும். அதில் ஒன்று: கடந்த இரண்டு வாரங்களில் புத்துணர்ச்சியோடு விழித்தீர்களா? "முழிச்சதும் கொழாயில தண்ணி வந்துருச்சான்னுதான் கண்ணு காது போவும்" என்றார் ஆயா. இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவாய் நீ?

தாளை மூடிப் பையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இது புளி சீசன். வியாபாரி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். நானும் ஒரு கை போட்டேன். அரை மணி நேரத்துக்குள் என் விரல் நுனி எரிய ஆரம்பித்துவிட்டது. ஆயா என்னைப் பார்க்கவில்லை, புளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டபோது வராத பேச்சு, இரண்டு பேருக்கும் கையில் வேலை வந்தபிறகு தானாக வந்தது.

ரேஷன் கடையில் ரேகை விழவில்லையாம். முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று தரம் வைத்திருக்கிறார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டதில் வெட்கப்பட்டு, அரிசி வாங்காமலே திரும்பிவிட்டார். புளி தட்டும் மாதங்களில் ரேகை தேய்ந்துபோகும், ஆடி பிறந்தால் திரும்ப வந்துவிடும் என்கிறார். அவர் கையை மடியில் வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலின் நடுப்பகுதி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று கோடுகள், அதிலும் புளிக்கறை. அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு உருண்டை களி கொடுத்தார்களாம். வாங்கிக்கொண்டதை மெல்லிய குரலில் சொன்னார். பசியோடு படுத்திருந்தாலும் இவ்வளவு தாழ்ந்து சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

முதியோர் பணம் 1,200 ரூபாயைப் பற்றியும் பேச்சு வந்தது. 2023-ல் ஆயிரத்திலிருந்து ஏற்றினார்களே, அதுதான். எதற்கெல்லாம் செலவாகிறது என்று எங்கள் தாளில் ஒரு கட்டம் உண்டு: உணவு, மருந்து, கடன், மற்றவை. ஆயாவுக்கு முக்கியமானது 'மற்றவை'யில் இருந்தது. பொங்கலுக்குப் பேரன் வரும்போது சுருக்குப் பையைத் திறந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். பேரன் கடைக்கு ஓட வேண்டும், மருமகள் அதைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எங்கள் நாற்பத்தெட்டுக் கேள்விகளில் ஒன்றுகூட அந்தப் பத்து ரூபாயின் பக்கத்தில் போகவில்லை.

ஒப்புதல் படிவம் பற்றிக் கேட்டிருந்தாய். அதில்தான் நாங்கள் ரொம்பத் தடுமாறினோம். படித்துக் காட்டிவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து, இங்கே கைநாட்டு வையுங்கள் என்று நீட்டினால் ஒரு தாத்தா கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அவருடைய அப்பா ஒரு கடன் பத்திரத்தில் வைத்த கைநாட்டில்தான் மேட்டு நிலம் இரண்டு ஏக்கர் போயிருக்கிறது. அவர் மனசில் கைநாட்டு என்றால் அதுதான். அவருக்கு நல்லது என்று நினைத்து நாம் நீட்டுகிற தாள் அவரை நடுங்க வைக்கிறது. நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, ஊரில் அவர் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கேட்பதற்கு அனுமதி வாங்கினோம். நீயும் முதலிலேயே எழுதி வாங்கிவிடு.

அதே தெருவில் இன்னொரு அம்மா பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கோட்டுக்கு மேலே ஏறி இறங்கி, ஆனால் முழுப் பெயர். "கொழுவுல கத்துக்கிட்டது" என்றார். மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட்டின் கடனுதவியோடு நம் தருமபுரியில் தொடங்கிய கதைதான் உனக்குத் தெரியுமே, கிருஷ்ணகிரியும் அப்போது நம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் இப்போது பாட்டிகள். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாத்திரை கொண்டுவரும் பெண்ணையும் சொல்லவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இங்கேயும் ஒரு பெண் வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வரும் நாளில் ஒரு தாத்தா காலையிலேயே சவரம் செய்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பிரஷர் எவ்வளவு என்று அவர் கேட்பதே இல்லையாம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, "தூங்கினீங்களா ஐயா" என்று கேட்க அந்த மாதத்தில் வரும் ஒரே ஆள் அவர்தான்.

சரி, இப்போது மனசில் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 1996. நீயும் நானும் முதன்முதலாகப் படிவம் தூக்கிக்கொண்டு போன அந்த ஊர். பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு சேலத்தில் தொட்டில் வைத்து நாலு வருடம் ஆகியிருந்தது, நம் மாவட்டத்துக்கு அது வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. 'பிறந்து இறந்த பிள்ளைகள்: ஆண், பெண், எத்தனையாம் நாள்.' அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். நீ பக்கத்து வீட்டில் இருந்தாய். அந்தப் பெண் வாசலில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நம் வயதுதான். "ரெண்டு" என்றாள். உள்ளேயிருந்து மாமியார் "ஒண்ணு" என்றார். அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணுதான்" என்றாள். நான் ஒன்று என்று எழுதினேன். மறுநாள் விட்டுப்போன கட்டங்களை நிரப்பப் போனபோது கதவு சாத்தியிருந்தது. அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ஒரு படிவம்தானே, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இந்த முப்பது வருடத்தில் எத்தனையோ ஆய்வு அறிக்கைகள் எழுதிவிட்டேன். எதிலும் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கேள்வியால் அவளுக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் தேடிப் போய்க் கேட்கவே இல்லை. நம் தொழிலில் இது ஒரு குற்றம் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. அந்த மாமியாரை வெளியே அழைத்துப்போய் நீ பேச்சுக் கொடுத்திருக்கலாம், நான் அந்தக் கேள்வியை நாளைக்குத் தள்ளியிருக்கலாம். அவ்வளவு சின்ன வேலை.

அதனால்தான் உன் விடுதிப் பெண்களை நினைத்துக் கவலைப்படுகிறேன். தயவுசெய்து விடுதிக்குள் வைத்துக் கேட்காதே. வார்டன் தூரத்தில் இருந்தாலும் காது அங்கேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு வருவார்கள் அல்லவா, அங்கே கூட நட, அவர்கள் என்ன வாங்குகிறார்கள், எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று பார். வீட்டுக்குப் போனில் பேசும்போது எதை மறைக்கிறார்கள் என்று அவர்களே சொல்லும் வரைக்கும் காத்திரு. நாற்பத்தெட்டுக் கேள்வியைப் பதினைந்தாகக் குறைத்துக்கொள். ஒரு பெண் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள். ஆனால் பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன நேரம், கையில் என்ன வேலை இருந்தது என்பதையும் ஓரத்தில் எழுது. எங்கள் பழைய தாளில் ஓரம் விடவே இல்லை. புதுத் தாளில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று விரல் அகலம் விடச் சொல்லியிருக்கிறேன்.

சித்திரையில் அறிக்கையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஊருக்குப் போய், கோயில் திண்ணையில் உட்கார்ந்து, நாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டப்போகிறோம். பெயர் வராது. பிடிக்காததை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம். ரேஷன் கடை விஷயத்தை ஆயாவுடைய சம்மதத்தோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அறிக்கை வரும்வரை அரிசி காத்திருக்க முடியாதே. ஏணிப் படத்தை என்ன செய்வது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொன்று. 1996 நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது, நீல அட்டை போட்டது? அதில் அந்த வீட்டு எண் இருக்கும். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. எதையும் கேட்க அல்ல. ஆனால் நான் போய் நிற்பது அவளுக்கு ஆறுதலா, இல்லை ஆறின புண்ணைக் கிளறுவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனசு ஆறுவதற்காக அவள் வாசலில் போய் நிற்கக் கூடாது. நீ யோசித்து எழுது, நீ வேண்டாம் என்றால் நான் போக மாட்டேன்.

புளி சீசன் முடிவதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. ஆயாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "அந்தப் பொண்ணுக்குப் புளி தட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி