ஈஸ்டர்ச் சொற்கள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

சனிக்கிழமை, 14 மார்ச் 2026

மதிப்புக்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். மார்ச் 21, 28 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஈஸ்டர் பண்டிகையோடு வரும் ஆங்கிலச் சொற்களையும் அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களையும் சொல்வளப் பாடமாக நடத்த இருக்கிறோம். தமிழ்ப் பாடசாலையில் ஆங்கிலச் சொற்கள் எதற்கு என்றும், பெரும்பாலும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கிறிஸ்தவப் பண்டிகை எதற்கு என்றும் உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் கிழமையில் ஐந்து நாள் இங்கிலாந்துப் பள்ளிகளில் இருக்கிறார்கள். பெப்ரவரி முதல் அவர்கள் காதில் விழுவதெல்லாம் லென்ட், மோண்டி, ஹொட் குரொஸ் பன் போன்ற சொற்களே. அவற்றின் பொருளை வீட்டில் கேட்டால், “அது அவையின்ரை பெருநாள்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். இந்தப் பண்டிகையின் ஒவ்வொரு நாளுக்கும் அவர்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் நம் மொழியின் சொத்து. நாங்கள் கற்பிக்கப்போவது சொற்களை மட்டுமே, வழிபாட்டை அல்ல.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தைக் குறிக்கும் லென்ட் என்ற சொல்லின் வேரில் மதமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது இளவேனிலைக் குறித்த சொல். பகல் நீண்டு வருவதால் வந்த பெயர். அதே காலத்தைக் கத்தோலிக்கர் தமிழில் தவக்காலம் என்கிறார்கள். ஆங்கிலச் சொல் பருவத்தைச் சொல்ல, தமிழ்ச் சொல் அந்தப் பருவத்தில் மனிதர் செய்வதைச் சொல்கிறது. ஞாயிறுகளைத் தவிர்த்து நாற்பது நாட்கள் என்பது கணக்கு. இந்த ஆண்டு அது பெப்ரவரி 18ஆம் திகதி தொடங்கியது. அந்த நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்று அழைப்பதைக் கேட்டபோது வகுப்பில் ஒரு சிறுமி, “எங்கள் வீட்டுத் திருநீறா?” என்று கேட்டாள். முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் இடுவார்கள் என்றும், அது மனம் வருந்துவதன் அடையாளம் என்றும், பொருளும் வழிபாடும் வேறாயினும் சொல் நம் வீட்டுச் சொல்தான் என்றும் ஆசிரியை விளக்கினார். அதற்கு முதல் நாளில் பள்ளிகளில் பான்கேக் சாப்பிட்டிருப்பார்கள். நோன்பு தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டையையும் பாலையும் கொழுப்பையும் தீர்த்துவிடுவதற்காக வந்த வழக்கம் அது.

நாளை இந்நாட்டில் அன்னையர் ஞாயிறு. அது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு என்பது வாழ்த்து அட்டையோடு வரும் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

அதிகமாகக் கேள்வி எழுவது கடைசி வாரத்தில்தான். ஈஸ்டருக்கு முந்திய வியாழனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மோண்டி என்ற சொல்லின் பொருள் ஆங்கிலப் பிள்ளைகளுக்கே விளங்குவதில்லை. ஒருவரையொருவர் அன்பு செய்யும்படி இயேசு கொடுத்த புதிய கட்டளையைக் குறிக்கும் லத்தீன் சொல், ‘மண்டாட்டும்’, தேய்ந்து இப்படி ஆனது. முற்காலத்தில் அந்த வியாழனன்று இங்கிலாந்து மன்னர்கள் ஏழைகளின் பாதங்களைக் கழுவினார்கள். இப்போது மன்னரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் வெள்ளி நாணயங்கள் வழங்கப்படுகின்றன. மன்னர் சார்ள்ஸுக்கு 77 வயது என்பதைச் சொல்லிவிட்டால், மொத்தம் எத்தனை பேர் என்பதைப் பிள்ளைகளே தமிழில் எண்ணிச் சொல்லலாம். தமிழில் அந்த நாள் வெறுமனே பெரிய வியாழன்.

இயேசு இறந்த நாளை ‘குட் பிரைடே’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது ஆண்டுதோறும் வரும் கேள்வி. ‘குட்’ என்பதற்குப் பழைய வழக்கில் புனிதம் என்ற பொருளும் இருந்தது. அந்தப் பொருள் மற்ற இடங்களில் பெரும்பாலும் மறைந்து இந்தப் பெயரில் தங்கிவிட்டது. பெரிய வெள்ளி, புனித வெள்ளி என்ற நம் பெயர்களைக் கேட்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது. அன்று விற்கும் ஹொட் குரொஸ் பன்னை, மேலே சிலுவைக் குறியிட்ட பணிஸ் என்றால் போதும். அதில் சேரும் கறுவாவும் சாதிக்காயும் நம் சமையலறையிலும் உள்ளவைதான்.

ஈஸ்டர் என்ற பெயரின் தோற்றம் பற்றிக் கி.பி. 725இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி எழுதியிருக்கிறார். ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு ஒரு பழைய பெண் தெய்வத்தின் பெயர் இருந்தது என்றும், பண்டிகைக்கும் அதே பெயர் நின்றது என்றும் அவர் கூறுகிறார். அவரைத் தவிர அந்தத் தெய்வத்தைக் குறிப்பிடும் பழைய சான்று இல்லாததால், அறிஞர்கள் இதில் ஒத்த கருத்தில் இல்லை. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகள் யூதர்களின் பாஸ்கா விழாப் பெயரையே கொண்டன. நம் தேவாலயங்களில் ஏற்றும் பாஸ்காத் திரியிலும், லங்காஷயரில் வெங்காயச் சருகிட்டு அவித்து நிறமேற்றும் ‘பேஸ்’ முட்டையிலும் இருப்பது அதே சொல். தமிழில் உயிர்த்த ஞாயிறு என்கிறோம். நிகழ்வையே பெயராக்கிய சொல் அது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் நடந்த குண்டுத் தாக்குதல்களால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மௌனமாகிவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வகுப்பில் அதை நாங்களாக எடுக்கமாட்டோம். ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் சுருக்கமாகவும் உண்மையாகவும் பதில் சொல்வார்.

முயலும் முட்டையும் சிறியோருக்கு உரியவை. ஆங்கிலத்தில் ஹெயார், ரபிட், பனி என்று மூன்று சொற்கள். முதலிரண்டும் வெவ்வேறு விலங்குகள், மூன்றாவது செல்லப்பெயர். நமக்கு எல்லாம் முயல்தான், வேண்டுமானால் குழிமுயல் என்று பிரித்துச் சொல்லலாம். முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மனியிலிருந்து வந்த கதை. சொக்லேட் முட்டையை இந்நாட்டில் 1873இல் பிரிஸ்டலின் பிரை நிறுவனமும் இரண்டாண்டு கழித்துக் காட்பரியும் செய்து விற்றன. மார்ச் 21ஆம் திகதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலாவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பதால்தான் அது ஆண்டுதோறும் இடம் மாறுகிறது. நிலவின் மறுவை முயற்கறை என்றழைத்த மொழியில் பிறந்தவர்களுக்கு அந்த நிலாவும் இந்த முயலும் சேர்ந்து வருவது வேடிக்கையாக இருக்கும். தொடர்பு ஏதுமில்லை, வகுப்பில் சொல்ல நல்ல கதை.

‘ஈஸ்டர் பொனெட்’ செய்து வரும்படி பகல் பள்ளியிலிருந்து குறிப்பு வந்திருக்கும். போன ஆண்டு ஒரு தந்தை அட்டையில் அழகான காரின் முன்மூடி செய்து அனுப்பினார். அவர்மேல் தவறில்லை, அகராதியில் அந்தப் பொருளும் உண்டு. இங்கே அது தாடைக்குக் கீழே நாடா கட்டும் தொப்பி. பூக்களும் மஞ்சள் கோழிக்குஞ்சுகளும் ஒட்டினால் போதும்.

இரண்டு வேண்டுகோள்கள். ஈஸ்டருக்குச் செய்யும் சிம்னல் கேக்கின் மேல் யூதாசை நீக்கிய பதினொரு சீடர்களைக் குறித்து வைக்கும் உருண்டைகள் பாதாம் விழுதால் ஆனவை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் அதையோ சொக்லேட் முட்டைகளையோ வகுப்புக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். அடுத்தது விடுமுறை. உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாளைக் கடைக்காரரும் பத்திரிகைகளும் ஈஸ்டர் சனி என்பார்கள். திருச்சபை வழக்கில் அது புனித சனி, ஈஸ்டர் சனி என்பது அடுத்த கிழமையில் வருவது. போன ஆண்டு நான் அனுப்பிய அறிவித்தலில் ‘ஈஸ்டர் சனி விடுமுறை’ என்று மட்டும் எழுதியதால், சில பெற்றோர் பிள்ளைகளோடு பூட்டிய வாசலில் நிற்க நேர்ந்தது. அதற்கு வருந்துகிறேன். இம்முறை திகதியாகவே எழுதுகிறேன்: ஏப்ரல் 4, ஏப்ரல் 11 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் வகுப்பு இல்லை; ஏப்ரல் 18 காலை வழமையான நேரத்தில் பாடசாலை தொடங்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்