‘இனிப் படிக்க மாட்டேன்’ என்னும் பிள்ளையோடு பேசுவது குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும், பெற்றோரின் இடத்தில் இருந்து பேரப்பிள்ளைகளை வளர்த்து வரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் நம் திருப்பூர்ப் பள்ளிகளுக்குப் பழகிப்போன ஒரு நிலைமை இந்த ஆண்டும் தலைகாட்டியிருக்கிறது. விடுமுறையில் தையல்காரருக்குத் துணையாளாக நிற்கும் கைமடி வேலைக்கோ, துணியில் நூல் பிசிர் வெட்டவோ பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளில் சிலர், சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு வகுப்புக்குத் திரும்பத் தயங்குகிறார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு சிலரிடம் வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்கள் இருப்பதையும் ஆசிரியர்கள் கவனித்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வகுப்பாசிரியர்கள் நேரில் வரவிருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள், ஏன் அப்படிப் பேசுகிறார்கள், வீட்டில் நீங்களும் அவ்வாறு பேசிப் பார்க்க இயலுமா என்பவற்றை முன்கூட்டியே தெரிவிக்க இக்கடிதத்தை எழுதுகிறேன்.

14 வயது நிறையாத பிள்ளையைக் கம்பெனி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் 14 வயதுக்கு மேல் கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிடி விலகிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை, அவனுடைய சம்மதம் இல்லாமல், சட்டத்தைக் காட்டிப் பள்ளியில் உட்கார வைத்துவிட முடியாது. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று உரிமையோடு எங்களிடம் சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் அடிப்பதைச் சட்டம் தடுத்திருப்பது ஒருபுறம் இருக்க, அடியால் வருகைப் பதிவேட்டில் சில நாட்கள் கூடுமே தவிர, படிக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைக்குள் பிறப்பதில்லை.

எங்கள் ஆசிரியர்கள் கைக்கொள்ளும் முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், அதாவது ஒருவருக்குள் இருக்கும் ஊக்கத்தை வெளிக்கொணரும் உரையாடல், என்று பெயர். மதுப்பழக்கம் உள்ளவர்களோடு பேசுவதற்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இதை முதன்முதலாக எழுதி வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பவரும் சேர்ந்து இதை விரிவாக்கினார். மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்துக் கண்டித்துப் பேசினாரோ அவ்வளவுக்கு அவரிடம் ஆலோசனைக்கு வந்தவர் ஓராண்டுக்குப் பின் அதிகமாகக் குடித்தார் என்று காட்டியது. குடியை விடச் சொல்லித் திட்டித் தீர்த்துப் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இது வியப்பளிக்காது என்றே எண்ணுகிறேன்.

இதற்குக் காரணம் எளிது. படிப்பை விடப் போவதாகச் சொல்லும் பிள்ளையின் மனம் பெரும்பாலும் ஒரு பக்கமாக இருப்பதில்லை. விடவும் வேண்டும், விட்டுவிட்டால் என்ன ஆவோமோ என்ற பயமும் உண்டு. நாம் படிப்பின் பக்கம் நின்று வாதாடினால், மீதமிருக்கும் பக்கத்தை அவன் எடுத்துக்கொள்கிறான். வாதம் வளர வளர, தான் சொன்ன காரணங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி அவற்றில் உறுதிப்பட்டுவிடுகிறான். ஆகவே படிப்பின் பக்கத்துக் காரணங்களை அவன் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். “படிப்பெல்லாம் எனக்கு வராதுங்கப்பா, கம்பெனிக்குப் போனா வாரமானா காசு வருது” என்று மகன் சொல்கிறான். “நான் படற பாடு பத்தாதா, நீயும் வந்து சீரழியணுமா?” என்பது நம் நாவில் முதலில் வரும் பதில். அதற்குப் பதிலாக, “குடும்பத்துக்கு ஏதாவது சம்பாதிச்சுக் குடுக்கணும்னு உனக்குத் தோணுது” என்று, அவன் சொன்னதன் உட்பொருளை எடுத்து அவனிடமே சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருங்கள். இது கேள்வியன்று, கேள்வியாகக் கேட்டால் விசாரணை போலாகிவிடும். அந்த இடைவெளியில், “ஆமாங்க, ஆனா பத்தாவதுகூட முடிக்காம போனா கடைசி வரைக்கும் கைமடியாவே இருந்துருவேனோன்னும் இருக்குது” என்று அவன் சொல்லக்கூடும். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதைப் பிடித்துக்கொண்டு, “அதைப் பத்தி இன்னும் சொல்லு கண்ணு” என்று கேட்டால் போதும். “அதைத்தானே நானும் இத்தனை நாளாச் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திறந்த கதவு அந்தக் கணமே மூடிக்கொள்ளும்.

ஆசிரியர்கள் இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். பத்தாம் வகுப்பை முடிப்பது உனக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை ஓர் எண் சொல் என்பார்கள். பிள்ளை 4 என்று சொன்னால் நமக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏன் 9 என்று சொல்லவில்லை என்று கேட்கத் துடிப்போம். அப்படிக் கேட்டால் படிப்பு ஏன் வேண்டாம் என்பதற்கான காரணங்களே வரிசையாக வரும். ஏன் 1 என்று சொல்லாமல் 4 என்று சொன்னாய் என்று கேட்டால், அந்த நான்கிற்குள் இருக்கும் ஆசைகளை அவன் சொல்லியாக வேண்டும். அடுத்து, முடிக்க முடியும் என்ற நம்பிக்கைக்கும் இதேபோல் ஓர் எண் கேட்பார்கள். பல பிள்ளைகளுக்கு முக்கியத்துவம் உயர்ந்தும் நம்பிக்கை தாழ்ந்தும் இருக்கும். கணக்கில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தால் ஒதுங்கும் பிள்ளைக்குப் புத்திமதி பயன்படாது; அவனுக்குத் தேவை மாலையில் கணக்குச் சொல்லித்தர ஓர் ஆள்.

அறிவுரையே கூடாது என்பதன்று. முதலில் அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, சொல்லலாமா என்று அனுமதி பெற்று, சுருக்கமாகச் சொல்லி, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று மறுபடி கேட்க வேண்டும். பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம் என்பதும், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதும் பல பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. இனிப் புகையிலையைத் தொட மாட்டேன் என்று அம்மாவின் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கும் வழக்கத்தை மட்டும் அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். அந்தச் சத்தியத்தை மீறும் நாளில் பழக்கத்தோடு பொய்யும் சேர்ந்துகொள்கிறது.

இதைப் பிள்ளையை நம் விருப்பத்துக்கு வளைக்கும் தந்திரமாகக் கருத வேண்டாம். முழுவதும் கேட்ட பிறகும் அவன் நாம் விரும்பாத முடிவைச் சொல்லலாம். அப்போதும் பேச்சு அறுந்துபோகாமல் இருந்தால், அடுத்த மாதம் மீண்டும் தொடங்க இடமிருக்கும். ஆனால் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கவும் முடியாது. பிள்ளைக்கு யாராலாவது பாலியல் தொல்லையோ வன்முறையோ நேர்ந்தால், சிறுமிக்குத் திருமணப் பேச்சு நடந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாமல் உடனிருந்து, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாடுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதும் குற்றம். எந்தக் கடையில் வாங்கினான் என்று பிள்ளை சொன்னால், அவனைக் காட்டிக்கொடுக்காமல் எங்களிடம் தெரிவியுங்கள்; கடையின்மேல் நடவடிக்கை கோருவது பள்ளியின் பொறுப்பு.

வீட்டுப் பெரியவர்களிடம் குடிப்பழக்கம் இருந்தாலும், ஆசிரியர்கள் அதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க வரவில்லை. அந்தப் பேச்சைத் தொடங்கலாமா என்று உங்களிடம் முதலில் கேட்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். உதவி தேவை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் யாரைப் பார்ப்பது என்பதைச் சொல்வார்கள்.

ஷிப்ட் முடிந்து நீங்கள் வீடு திரும்ப நேரமாகும் என்பதால், வார நாட்களில் இரவு ஏழரை மணிக்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலும் ஆசிரியர்கள் வருவார்கள். பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியை ஒருவரும் உடன் வருவார். அரை மணி நேரம் போதும். காப்பி, பலகாரம் எதுவும் வேண்டாம், தொலைக்காட்சியை நிறுத்திவைத்தால் அதுவே பெரிய உபசாரம். உங்கள் முன்னிலையில் பேசுவதா, தனியே பேசுவதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய அனுமதியுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வருவது வசதிப்படாது என்றால், எந்த நாளில் பள்ளிக்கு வர இயலும் என்பதைப் பிள்ளையின் கையேட்டில் எழுதி வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்