சந்தையில் தராசைத் திருப்பிக் காட்டிய பெரியவருக்கு நன்றி

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஐயாவுக்கு இந்த நன்றி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை எனக்கு நிறுத்துக் கொடுத்த வியாபாரியிடம், தட்டு காலியாக இருக்கும்போதே மின்னணுத் தராசு 80 கிராம் காட்டுகிறதே என்று கேட்டதற்கு, "காத்து அடிக்குதும்மா" என்றார். மலையில் காற்றுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால், அது ஒரே எண்ணிலா நிற்கும்?

நான் மேற்கொண்டு பேசுவதற்குள் நீங்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, தட்டைத் துடைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பூண்டை மறுபடி நிறுத்தீர்கள். பிறகு தராசைத் திருப்பி, தராசைச் சோதித்துத் தொழிலாளர் துறை இடும் முத்திரை இருக்கவேண்டிய இடத்தை விரலால் தொட்டு, "இதப் பாத்து வாங்கும்மா" என்று மட்டும் சொன்னீர்கள். அங்கே முத்திரை இல்லை.

அதே கடைகளில் அன்றாடக் கூலி வாங்கும் நீங்கள் அதைச் செய்ததுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை. பத்து ரூபாய்க்கு என்ன சண்டை என்று நகர்ந்துவிடுவதைப் பெருந்தன்மையாக எண்ணிக்கொள்ளும் எங்களைவிட, இழப்பதற்கு உங்களுக்கே அதிகம் இருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பெயர் கேட்டபோது சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன், ஐயா.